பாட்டில்லாமல் படம் எடுத்த வீணை வித்வான்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் பொத்தேரியில் நின்றால் போதும், வண்டியிலிருந்து பெருங்கூட்டம் இறங்கும். இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஆளுக்கொரு செல்போன், காதில் ஒரு கருவி. எட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு போனில் துப்பறியும் படம் ஓடிக்கொண்டிருக்கும். கொலை விழும். போலீஸ் அதிகாரி வருவார். ஒவ்வொருவரையாக விசாரிப்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். ஊர் வந்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட படத்துக்குத் தமிழில் பிள்ளையார் சுழி போட்டவர் யார்? ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரியா? மர்ம நாவல் ஆசிரியரா? இரண்டு பேரும் இல்லை. அவர் ஒரு வீணை வித்வான். மயிலாப்பூர்க்காரர். பெயர் எஸ். பாலசந்தர்.

சங்கீத ரசிகர்கள் அவரை வீணை பாலசந்தர் என்பார்கள். பத்ம பூஷண் விருது பெற்ற மகா கலைஞர். ஆனால் அந்தக் கலைஞர்தான், பாட்டும் கூத்தும் இல்லாவிட்டால் படமே இல்லை என்றிருந்த காலத்தில், ஒரு பாட்டுக்கூட இல்லாத படத்தைத் தமிழர்களுக்குக் கொடுத்தார். அதில் ஒரு புதிய துப்பறிவாளரையும் நடமாட விட்டார். அந்தக் கதைதான் இது.

குண்டுக்குப் பயந்த நகரம்

இதே பொத்தேரி வழியாக 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்ற ரயில்களில் வேறு விதமான கூட்டம். ஜப்பானியர் குண்டு போடப் போகிறார்கள் என்ற பீதி பரவியது. சென்னை நகரில் பாதி காலியாகிவிட்டது போல் இருந்தது. பெட்டி படுக்கை, பாத்திரம் பண்டம், கைக்குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெற்கே உள்ள சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். தாம்பரத்துக்கு அப்பால் அந்த நாளில் மின்சார வண்டி கிடையாது. கரி எஞ்சின் புகை விட்டுக்கொண்டு இழுத்துச் சென்றது.

எதிர்பார்த்த குண்டு அப்போது விழவில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் உண்மையாகவே சென்னைக்கு மேல் பறந்து வந்து குண்டு போட்டது. சேதம் கொஞ்சம்தான். ஆனால் யாரை நம்புவது, யாரைச் சந்தேகிப்பது என்ற கலக்கம் பெரிதாக இருந்தது. அண்டை வீட்டுக்காரரே ஒற்றராக இருப்பாரோ என்று பேசிக்கொண்ட காலம் அது.

அந்த யுத்த காலத்தில் சென்னை வானொலியில் ஒரு இளைஞர் நிலையக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது இன்னும் இருபது ஆகவில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்த படத்தின் கதை நடப்பது அதே 1943 அக்டோபரில். கொலை செய்யப்படுகிறவன் ரேடியோ என்ஜினீயர். தாம் கண்ட காலத்தையும் தமக்குத் தெரிந்த தொழிலையும்தான் அவர் கதைக்களமாக எடுத்துக்கொண்டார்.

கஞ்சிரா வாசித்த சிறுவன்

பாலசந்தர் பிறந்தது 1927-ஆம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி. தகப்பனார் சுந்தரம் ஐயர் வக்கீல். சங்கீதத்தில் அபார மோகம் உள்ளவர். வீட்டில் வித்வான்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அண்ணன் ராஜம் நன்றாகப் பாடுவார். அவரே பின்னாளில் ஓவியராகவும் புகழ் பெற்று, சங்கீத மும்மூர்த்திகளின் படத்தை வரைந்தவர். அக்காள் ஜெயலட்சுமி, தியாகராஜ பாகவதரோடு 'சிவகவி'யில் நடித்தவர். குடும்பமே கலைக் குடும்பம்.

1934-ல் பிரபாத் கம்பெனியார் 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார்கள். ராஜம் ராமர், ஜெயலட்சுமி சீதை. அண்ணனும் தங்கையும் ராமரும் சீதையுமாக நடிப்பதா என்று கேட்டவர்களும் உண்டு. அதே படத்தில் ராவணனின் சபையில் ஒரு பொடியன் கஞ்சிரா வாசித்தான். அவன்தான் பாலசந்தர். பாபநாசம் சிவன் சினிமாவுக்கு இசையமைத்த முதல் படமும் அதுவே.

கஞ்சிராவோடு பையன் நிற்கவில்லை. கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசித்துப் பார்த்தார். சிதாரில் கச்சேரியே செய்தார். சதுரங்கம் ஆடினால் பெரியவர்களும் தோற்றுப் போனார்கள். கடைசியில் வீணையைத் தொட்டார். பிறகு அதை விடவில்லை. இதில் ஆச்சரியம் என்னவென்றால், வீணைக்கு அவருக்குக் குருவே கிடையாது. தாமே தட்டித் தடவி, கேட்டுக் கேட்டு, தவறு கண்டு திருத்திக் கற்றுக்கொண்டார்.

யார் சொன்னாலும் அப்படியே ஏற்காமல், தாமே சோதித்துப் பார்க்கும் குணம் அப்போதே வேர் விட்டுவிட்டது. துப்பறிகிறவனுக்கு முதலில் வேண்டியதும் அந்தக் குணம்தான்.

தாடி ஒட்டிய துப்பறிவாளர்கள்

இளமைத் துடிப்போடு பாலசந்தர் சினிமாவுக்கு வந்தார். 1948-ல் வெளியான 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடம். இசையும் அவரே. அதே ஆண்டு 'என் கணவர்' படத்தை டைரக்ட் செய்தார். அப்போது அவருக்கு வயது 21. 1951-ல் 'கைதி' வந்தது. 'ராஜாம்பாள்' படத்திலும் நடித்தார்.

'ராஜாம்பாள்' என்றதும் பழைய வாசகர்களுக்கு ஜே. ஆர். ரங்கராஜு நினைவுக்கு வருவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துப்பறியும் நாவல்கள் எழுதித் தமிழ்நாட்டைத் தூங்கவிடாமல் செய்தவர் அவர். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரும் அந்த வழியில் பிரசித்தி பெற்றவர்கள். லண்டன் நகரத்து ஷெர்லக் ஹோம்ஸ் அவர்கள் பேனாவில் தலைப்பாகை கட்டிக்கொண்டு தமிழ் பேசினார்.

இந்த நாவல்களைப் படமாக எடுத்தபோது துப்பறிவாளர் எப்படி இருந்தார்? 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த 'திகம்பர சாமியார்' ஒரு நல்ல உதாரணம். வடுவூராரின் கதை. துப்பறிவாளராக எம். என். நம்பியார். பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்கள். ஒரு காட்சியில் ஒரு வேஷம், அடுத்த காட்சியில் இன்னொரு வேஷம். ஜனங்கள் கை தட்டி ரசித்தார்கள். தாடியை ஒட்டிக்கொண்டால் ரகசியம் வெளிவந்துவிடும் என்பது அந்தக் காலத்துச் சினிமா நியாயம்.

அங்கே திருடன் திருடன்தான், நல்லவன் நல்லவன்தான். துப்பறிவாளருக்குச் சந்தேகம் வருவதே இல்லை. படம் பார்க்கிறவர்களுக்கும் வராது. கெட்டவன் யார் என்பது அவன் மீசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் கறுப்புப் படங்கள்

அதே காலத்தில் அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. 1941-ல் 'மால்டீஸ் ஃபால்கன்' என்ற படம் வந்தது. கதையை எழுதிய டாஷியல் ஹாமெட் தாமே ஒரு துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதனால் அவருடைய துப்பறிவாளன் மந்திரவாதி அல்ல. கூலிக்கு வேலை செய்கிற மனிதன். ஹம்ஃப்ரி போகார்ட் அந்த வேஷத்தில் நடித்தார். கசங்கிய கோட்டு, அணையாத சிகரெட்டு, யாரையும் நம்பாத கண்கள்.

அவனிடம் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். அவன் ஆசைப்பட்ட பெண்ணும் சொல்கிறாள். உண்மை தெரிந்தபோது அவன் என்ன செய்கிறான்? அந்தப் பெண்ணையே போலீசில் ஒப்படைக்கிறான். ஜெயித்தவனுக்கு மகிழ்ச்சி இல்லை. படம் முடியும்போது மனம் கனத்துப் போகிறது.

இந்த மாதிரிப் படங்கள் வரிசையாக வந்தன. இரவு, மழை, நிழல், ஜன்னல் கம்பிகளின் கோடு விழும் முகங்கள். யுத்தம் முடிந்து இவை பாரிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது, 1946-ல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் இவற்றுக்குக் கறுப்புப் படம் என்று பொருள்படும் 'ஃபிலிம் நுவார்' என்ற பெயரைச் சூட்டினார். கறுப்பு என்றது வெளிச்சத்தை மட்டும் அல்ல. மனித மனத்தையும் சேர்த்துத்தான்.

இதற்கிடையே ஜப்பானிலிருந்து ஒரு படம் கிளம்பி உலகத்தையே கலக்கியது. 1950-ல் அகிரா குரோசாவா எடுத்த 'ரஷோமான்'. காட்டில் ஒரு கொலை. அதை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை? படம் அதற்கு நேரான பதில் சொல்வதில்லை. 1951-ல் வெனிஸ் விழாவில் அதற்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது. 1952-ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் அது வந்தது.

பாலசந்தர் அதைப் பார்த்தார். அன்று முதல் அவர் மூளையில் ஒரு வண்டு குடையத் தொடங்கியது.

காலி நாற்காலி

'ரஷோமான்' படத்தில் ஒரு விசேஷம் உண்டு. சாட்சிகள் நீதிபதியைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் நீதிபதியைக் காட்டுவதே இல்லை. அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் நேரே நம்மைப் பார்த்துப் பேசுவது போல் இருக்கும். விசாரிப்பவரின் நாற்காலி காலி. அதில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

பாலசந்தர் அந்தக் காலி நாற்காலியில் ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஒரு சி.ஐ.டி. அதிகாரி. அதனால் கதையே வேறாகிவிட்டது. நாலு பேர் நாலு விதமாகச் சொல்லட்டும். ஆனால் கேட்கிற ஒருவர் பொறுமையாகக் கேட்டு, எடை போட்டு, உண்மையைக் கண்டுபிடித்தாக வேண்டும். பிரிட்டிஷ் டைரக்டர் ஆண்டனி ஆஸ்குவித் 1950-ல் எடுத்த 'தி உமன் இன் குவெஸ்சன்' படத்திலும் இப்படி ஒரு போலீஸ் அதிகாரி ஐந்து பேரை விசாரிப்பார். பாலசந்தரின் கதை ஜப்பானியப் படத்தைவிட இதற்குத்தான் நெருக்கம் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு.

முதலில் அவர் இதை வானொலி நாடகமாகத்தான் எழுதினார் என்றும், வானொலியில் ஏற்கவில்லை என்றும் சொல்வார்கள். பிறகு ஏவி. எம். ஸ்டூடியோ அதிபர் மெய்யப்பச் செட்டியாரிடம் கதையைச் சொன்னார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த படாதிபதி அவர். லாப நஷ்டக் கணக்கில் புலி. அப்படிப்பட்டவர் பாட்டும் நடனமும் இல்லாத படத்துக்குப் பணம் போட ஒப்புக்கொண்டார் என்றால், அது சாமானிய விஷயம் அல்ல.

கதாநாயகன் விஷயத்தில் இருவருக்கும் தகராறு வந்தது. முதலில் வேறு நடிகரை வைத்து நிறையக் காட்சிகள் எடுத்தாகிவிட்டது. செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சிவாஜி கணேசனைப் போட்டு மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார். பாலசந்தர் லேசில் இணங்கவில்லை. பிடிவாதக்காரர். ஆனால் பணம் போட்டவரும் பிடிவாதக்காரர். கடைசியில் சிவாஜி வந்தார். வந்தது நல்லதாயிற்று என்பதைப் படம் பார்த்தவர்கள் அறிவார்கள்.

எடுத்த எடுப்பில் ஹீரோ பலி

படத்தின் பெயர் 'அந்த நாள்'. 1954 ஏப்ரல் 13-ந் தேதி, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளியாயிற்று. சில வாரங்களுக்கு முன்புதான் 'மனோகரா' வந்து, சிவாஜியின் முழக்கம் தமிழ்நாடெங்கும் எதிரொலித்துக்கொண்டிருந்தது. அதே முழக்கத்தை எதிர்பார்த்து ஜனங்கள் கொட்டகைக்குப் போனார்கள்.

படம் ஆரம்பமாகிறது. ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி சுருண்டு விழுந்து செத்துப் போகிறார்!

கொட்டகையில் எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். பணம் கொடுத்துப் பார்க்க வந்த கதாநாயகன் எடுத்த எடுப்பிலேயே பிணம். அதற்கப்புறம் அவரைப் பிறர் வாய் மூலமாகத்தான் பார்க்கிறோம்.

ராஜன் என்ற அந்த ரேடியோ என்ஜினீயரைச் சுட்டது யார்? சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் விசாரணையைத் தொடங்குகிறார். எதிர்வீட்டுச் சின்னையாப் பிள்ளை, கொலையுண்டவனின் தம்பி பட்டாபி மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார். சொத்துத் தகராறு என்கிறார். தம்பி தன் மனைவி ஹேமாவைக் காட்டிக்கொடுக்கிறான். அவள், ராஜனோடு தொடர்பு வைத்திருந்த நாட்டியக்காரி அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜமோ முதலில் பேசிய சின்னையாவையே சுட்டிக்காட்டுகிறாள். வட்டம் போட்டு வந்த இடத்துக்கே வந்துவிட்டது வழக்கு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ராஜனின் மனைவி உஷா நிற்கிறாள். பண்டரிபாய் நடித்த பாத்திரம். தேசபக்தியில் ஊறியவள்.

ஒவ்வொருவர் சொல்லும்போதும் ராஜன் வேறு வேறு மனிதனாகத் தெரிகிறான். நாம் பார்ப்பது ராஜனையா, சொல்கிறவரின் மனத்தையா? இதுதான் படத்தின் சூட்சுமம். மாருதி ராவின் காமிராவும் இதற்குத் தோள் கொடுத்தது. பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் இருட்டிலுமாக அவர் காட்டியது சும்மா அழகுக்காக அல்ல. சாட்சி சொல்கிறவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார் என்பதைப் படமே சொல்லிவிட்டது.

சுட்டது யார்? அதை இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்களின் சாபம் வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லலாம். செத்துப் போன ராஜன் உத்தமன் அல்ல. நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்றவன். அவனைக் கொன்றது குற்றமா, கொல்லாமல் விட்டிருந்தால் குற்றமா? சட்டம் ஒன்று சொல்கிறது, மனம் ஒன்று சொல்கிறது. சிவானந்தம் உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் அந்தக் கேள்வி தீர்வதில்லை.

ஜாவர் வந்த கதை

சிவானந்தமாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் திரைக்கதையையும் வசனத்தையும் எழுதியவர் அவரே. ஜாவர் என்பது ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ அல்ல. 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் அவர் ஏற்ற போலீஸ் அதிகாரியின் பெயர் அது. பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹியூகோவின் நாவலில் வரும் இன்ஸ்பெக்டர் ஜாவேர்தான் தமிழில் ஜாவர் ஆனார். அந்த வேஷத்தில் அவ்வளவு பேர் கிடைத்ததால், வேஷத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது.

அந்த ஜாவர் இரக்கமில்லாதவர். சட்டம் என்றால் சட்டம். ரொட்டி திருடியவனை ஆயுள் முழுக்க விரட்டுகிறவர். அதே நடிகர் நாலு ஆண்டு கழித்துச் சிவானந்தமாக வந்தபோது எவ்வளவு வித்தியாசம்! அதட்டல் இல்லை, அடி உதை இல்லை, ஒட்டுத் தாடி இல்லை. கேட்கிறார். மறுபடியும் கேட்கிறார். எதிராளியை முழுதாகப் பேச விடுகிறார். பேசப் பேசத்தான் பொய் தளர்ந்து விழும் என்பது அவருக்குத் தெரியும்.

அமெரிக்கத் துப்பறிவாளனிடமிருந்தும் இவர் வேறுபடுகிறார். அவன் தனி ஆள், சர்க்காரை நம்பாதவன். சிவானந்தம் சர்க்கார் உத்தியோகஸ்தர், வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரிக்கிறவர். அவன் தெருவில் துப்பறிந்தான். இவர் குடும்பத்துக்குள் துப்பறிந்தார். சொத்து, பொறாமை, அண்ணன் தம்பிப் பூசல் என்று நம் வீடுகளில் உள்ள இருட்டுதான் இங்கே கறுப்பு.

இப்படி ஒரு பாத்திரத்தை வீணை வித்வான் ஒருவர் உருவாக்கியது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது. சுருதி சற்றே பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது சங்கீதக்காரனுடையது. சாட்சியின் குரலில் விழும் அபசுரத்தைக் கேட்கிற காதைத்தான் பாலசந்தர் தம் துப்பறிவாளருக்குக் கொடுத்தார். பாட்டை ஏன் எடுத்துவிட்டார் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. விசாரணைக்கு நடுவே பாட்டு வந்தால் காது கலைந்துவிடும். பாட்டின் மதிப்பு தெரியாதவர் அல்ல அவர். எந்த இடத்தில் மௌனம் வேண்டும் என்று தெரிந்தவர்.

தோல்வியும் சான்றிதழும்

பத்திரிகைகள் படத்தைப் புகழ்ந்தன. ஜனங்கள் புகழவில்லை. பாட்டு எங்கே என்றார்கள். முதல் காட்சியிலேயே சிவாஜி செத்துவிட்டாரே என்றார்கள். காசைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு என்பார்கள். வசூலில் படம் தோல்விதான்.

ஆனால் 1954-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழ் பெற்றது. அதே ஆண்டு தமிழுக்கான ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் யாருக்குப் போயிற்று தெரியுமா? எம். ஜி. ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' படத்துக்கு. மாறுவேடம் போட்டு நல்லது செய்கிற கதாநாயகன் அவன். பழைய வழிக்குப் பதக்கம், புதிய வழிக்குச் சான்றிதழ். அன்றைய ரசனை அப்படி.

பாலசந்தர் சளைக்கவில்லை. 1956-ல் தெலுங்கில் 'ஏதி நிஜம்' எடுத்தார். எது நிஜம் என்று பொருள். 'இது நிஜமா' என்று தொடங்கியவர் எது நிஜம் என்று கேட்டார். இரண்டு தலைப்பிலும் ஒரே ஏக்கம். 1962-ல் 'அவனா இவன்'. 1964-ல் 'பொம்மை'. பொம்மைக்குள் வெடிகுண்டு; அது கை மாறி ஊர் சுற்றுகிறது. கே. ஜே. யேசுதாஸைத் தமிழ்ப் படத்தில் முதலில் பாட வைத்தது அந்தப் படம்தான். அதன் முடிவில், திரைக்குப் பின்னால் உழைத்த தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் திரையில் காட்டினார். பிறகு, அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய 'நடு இரவில்'. ஒரு வீட்டுக்குள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொலைகாரன் உள்ளேயே இருக்கிறான்.

அத்தோடு சினிமாவை மூட்டை கட்டி வைத்தார். வீணையே கதி என்று ஆனார்.

ஒரே மெட்டில் பல சுரம்

வீணையில் அவர் பாணி தனி. தந்தியை ஒரே மெட்டில் வைத்து இழுத்து அடுத்தடுத்த சுரங்களை வரவழைப்பார். வாத்தியம் வாய்விட்டுப் பாடுவது போல் இருக்கும். ஆலாபனையை மணிக்கணக்கில் விரிப்பார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கச்சேரி செய்தார். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். 1982-ல் பத்ம பூஷண் வந்தது.

கோபமும் அதே அளவுக்கு உண்டு. தமக்குச் சரி என்று பட்டதை எவர் முன்னாலும் சொல்லிவிடுவார். பாலமுரளிகிருஷ்ணா புதிய ராகங்களைக் கண்டுபிடித்ததாகச் சொன்னபோது, அது எப்படிக் கண்டுபிடிப்பு ஆகும் என்று மல்லுக்கு நின்றார். சங்கீத உலகம் இரண்டு பட்டது.

கடைசி வழக்கு

1980-களில் அவர் எடுத்த வழக்கு இன்னும் பெரிது. திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1813 முதல் 1846 வரை வாழ்ந்தவர். அவர் பெயரில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் வழங்குகின்றன. அவை அவர் இயற்றியவை அல்ல, பிற்காலத்தார் கட்டி எழுப்பிய கதை என்று பாலசந்தர் கிளம்பினார். ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டார். கடிதம் எழுதினார், கத்தரித்து வைத்த பத்திரிகைத் துண்டுகளை அடுக்கினார், சவால் விட்டார். நண்பர்கள் பலர் விலகிப் போனார்கள். அவர் விலகவில்லை.

மகாராஜாவின் கலைப்பணிக்குச் சரித்திர ஆதாரங்கள் உண்டு என்று எதிர்த்தரப்பார் எடுத்துக் காட்டினார்கள். சங்கீத ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் பாலசந்தரின் முடிவை ஏற்கவில்லை. அதே சமயம், வழிவழியாக வந்த நம்பிக்கைக்கும் சான்று கேட்கலாம் என்ற பாடத்தை அந்தச் சண்டை பலருக்குக் கற்றுக் கொடுத்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சிவானந்தம் ஐந்து பேர் சொன்னதையும் கேட்ட பிறகே முடிவுக்கு வந்தார். அவரைப் படைத்தவர் தம் கடைசி வழக்கில் அந்தப் பொறுமையைக் காட்டினாரா? முடிவை முதலில் கட்டிவிட்டு, ஆதாரத்தைப் பிறகு தேடினாரா? அவரிடம் பக்தி கொண்டவர்களுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. சந்தேகப்படுவது நல்ல குணம். ஆனால் துப்பறிகிறவன் மற்றவர்களைச் சந்தேகிப்பதோடு தன்னையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். படத்தில் அவரே கற்பித்த பாடம் அது. வாழ்க்கையில் கடைப்பிடிப்பது யாருக்கும் சுலபம் அல்ல.

அந்த நாள்

1990-ஆம் ஆண்டு. கச்சேரிக்காகப் பாலசந்தர் பிலாய் நகருக்குப் போயிருந்தார். அங்கேயே மாரடைப்பால் காலமானார். வயது 63. தேதி ஏப்ரல் 13.

'அந்த நாள்' வெளியானதும் ஏப்ரல் 13தான். சரியாக 36 ஆண்டுகளுக்குப் பின், அதே நாளில் அவர் கண்ணை மூடினார். மர்மக் கதை எழுதுகிறவர் இப்படி ஒரு முடிவை எழுதினால் நம்பமாட்டோம்.

அன்று காசைத் திருப்பிக் கேட்ட படம் இன்று தமிழ் சினிமாவின் மைல் கல் என்று போற்றப்படுகிறது. ஒரே சம்பவத்தை இருவர் வாயால் இரண்டு விதமாகச் சொன்ன 'விருமாண்டி' 2004-ல் வந்தபோது, விஷயம் தெரிந்தவர்கள் 'அந்த நாளை'த்தான் நினைத்துக்கொண்டார்கள். துப்பறிவாளர் என்றால் வேஷம் போடுகிறவர் அல்ல, காது கொடுத்துக் கேட்கிறவர் என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

பொத்தேரியில் இறங்குகிற மாணவத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ரயிலில் துப்பறியும் படம் பார்க்க ஆசை வந்தால், ஒருநாள் இந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். உங்கள் பாட்டன் பாட்டி மூட்டை முடிச்சோடு குண்டுக்குப் பயந்து போன அதே பாதையில், அவர்கள் காலத்துக் கதையைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு சாட்சி பேசும்போதும் இவர் சொல்வது உண்மைதான் என்று நம்பிவிடுவீர்கள். அடுத்தவர் வாயைத் திறந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

நாலு பேர் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு மனிதனை எடை போடுகிறோமே, அது எவ்வளவு பெரிய தவறு என்று படம் முடியும்போது உறைக்கும். மயிலாப்பூர் வீணை வித்வான் பாட்டை விட்டுவிட்டு நமக்குச் சொன்னது அதுதான்.